மாவு என்ன மாவுன்னு மட்டும் கேக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை எங்க கண்மாயில ஒரு சாதாக்கெண்டை பிடிச்சேன். 5 கிலோ 300 கிராம். ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சேன்.

பொழுது சாயறதுக்குள்ள 14 பேர் மெசேஜ் போட்டுட்டாங்க.

14 பேரும் ஒரே கேள்வி.

"அண்ணே, மாவு என்ன மாவு?"

ஒருத்தராவது முள்ளை எப்படிக் கட்டுனீங்கன்னு கேக்கணுமே! ஈயம் எவ்வளவு, நரம்பை எப்படிப் போட்டீங்க, எத்தனை நாள் தீனி போட்டீங்க? ம்ஹூம். மாவுதான். அதுல ஏலக்காய் உண்டா, எசன்ஸ் உண்டா, எந்தக் கடையில வாங்குனீங்க... ராத்திரி பத்து மணிக்கு மேல எனக்குக் கொஞ்சம் கோவமே வந்துருச்சு. அந்தக் கோவத்துலதான் இதை எழுத உக்காந்தேன்.

அன்னிக்கு நான் மாவே போடலைங்க.

முள்ளுல இருந்தது ரெண்டு மக்காச்சோளம். அதுலயும் ஒண்ணு மக்காச்சோளம் கிடையாது. (அது என்னன்னு கீழ வரும், பொறுங்க.)

மதுரைக்குக் கிழக்க இருக்கிற சின்னக் கண்மாய் எங்களோடது. மீனு குத்தகைக்குப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் தூண்டில் போட விடுவாங்க. தூண்டிலுக்கு 100 ரூபா, பிடிச்ச மீனை எடை போட்டு அதுக்குத் தனியாக் காசு. ரோகு, கட்லா, மிர்கால், சாதாக்கெண்டை, புல்கெண்டை எல்லாம் விட்டுருக்காங்க. யாரும் விடாமலே ஜிலேபியும் கிடக்கு. அந்த ஜிலேபியைப் பத்தித் தனியாப் புலம்பணும், வர்றேன்.

இந்தக் கெண்டைங்க எதுவுமே நம்ம பக்கத்து மீன் இல்ல, தெரியுமா? ரோகு, கட்லா, மிர்கால் மூணும் கங்கைப் பக்கத்து ஆத்து மீனுங்க. ஓடுற தண்ணியில முட்டை போடுற சாதி. குளத்துல விட்டா வளரும், குஞ்சு பொரிக்காது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கிற விஞ்ஞானி, மீனோட பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறை ஊசியில ஏத்தி குளத்துலயே முட்டை போட வச்சுக் காட்டுனாரு. அதுக்கப்புறம்தான் நாட்டுல உள்ள குளம் குட்டையெல்லாம் ரோகு. இன்னைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். சாதாக்கெண்டை வந்த வழி வேற. அதுல ஜெர்மன் வகையை 1939ல இலங்கையில இருந்து நம்ம ஊட்டிக்குக் கொண்டுவந்தாங்க. சமவெளிக் குளங்களுக்கு ஏத்த பாங்காக் வகை 1957லதான் இந்தியாவுக்கு வந்துச்சு.

சரி, மாவுக்கு வருவோம்.

அந்த 14 பேர் கேட்ட கேள்வியை நானே ரெண்டு வருசம் கேட்டவன்தான். கடலைப் பிண்ணாக்கு மாவு, எள்ளுப் பிண்ணாக்கு, தவிடு, மைதா, ரவை, பொட்டுக்கடலை மாவு, ரஸ்க் தூள், எல்லாம் பார்த்தாச்சு. வெல்லம் போட்டேன். பெருங்காயம் போட்டேன். சோம்பை வறுத்துப் பொடிச்சுப் போட்டேன். கருவாட்டுத் தூள் போட்ட அன்னிக்கு மாவுச் சட்டியை வீட்டு வாசப்படி தாண்டி உள்ள விட மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு.

ஒரு தடவை டவுன்ல ஒரு கடையில 'ரகசியச் சாறு'ன்னு சின்ன பாட்டில் ஒண்ணு, 350 ரூபா. ஸ்ட்ராபெர்ரி வாசனை. கை, துணி, வண்டி சீட்டு எல்லாம் மணந்துச்சு. மீன் வரல. வரலைன்னா, பெரிய மீன் வரல. ஜிலேபி வந்துச்சு. ஜிலேபி எப்பவும் வரும்.

மாவுல இருக்கிற முதல் கஷ்டமே அதுதான். பிசைஞ்ச மாவைத் தண்ணியில போட்டதும் விரல் நீளத்து ஜிலேபிக் குஞ்சுங்க நாப்பது அம்பது வந்து கொத்திக் கொத்தியே கரைச்சிடும். தக்கை டிங்கு டிங்குன்னு ஆடும். நம்ம நெஞ்சும் சேர்ந்து ஆடும். இழுத்துப் பார்த்தா வெறும் முள்ளு. பெரிய கெண்டை அடியில மெதுவா மேஞ்சுக்கிட்டு வரும்போது அங்க இரையே இருக்காது. அப்புறம் அதுல ஏலக்காய் இருந்தா என்ன, குங்குமப்பூ இருந்தா என்ன?

எனக்குக் கண்ணு தெறந்தது மதகு மேல வச்சுத்தான்.

போன வருசம் மாசி மாசம். தண்ணி வத்தித் தெளிஞ்சு கிடந்துச்சு. மதகுக் கல்லு மேல குப்புறப் படுத்துக்கிட்டுப் பார்த்தா ரெண்டு முழ ஆழத்துல தரை தெரியுது. வேகவச்ச மக்காச்சோளத்தை ஒரு கைப்பிடி தூவினேன். நடுவுல, முள்ளுல கோர்த்த ஒரு சோளத்தையும் எறக்கி விட்டேன். முள்ளு முழுசா மறையற மாதிரி கோர்த்திருந்தேன். அதுல எனக்குப் பெருமை வேற.

முக்கால் மணி நேரம் படுத்திருந்தேன். கல்லுச் சூடு நெஞ்சுல ஏறிடுச்சு. அப்பத்தான் ரெண்டு சாதாக்கெண்டை வந்துச்சு. மூணு கிலோ தேறும்.

அதுங்க சாப்பிட்ட விதத்தை நான் இன்னும் மறக்கல. வாயைக் குழாய் மாதிரி நீட்டுது. உறிஞ்சுது. சோளம், மண்ணு, சின்னக் கல்லு எல்லாம் சேர்ந்து உள்ள போவுது. உடனே பாதியை வெளிய துப்புது. திரும்ப உறிஞ்சுது. துப்புது. செவுளு வழியாப் புழுதி புகையாட்டம் வருது. ஒவ்வொரு சோளமா எடுத்துக்கிட்டே வந்து, என் முள்ளுச் சோளத்தையும் உறிஞ்சுச்சு.

மூச்சை அடக்கிட்டேன்.

துப்பிடுச்சு.

இழுக்கவே நேரம் கொடுக்கல. தக்கை அசையக்கூட இல்ல. அப்படியே நகர்ந்து பக்கத்துச் சோளத்தைத் தின்னுச்சு. கொஞ்ச நேரத்துல தூவின சோளம் அத்தனையும் காலி. என் சோளம் மட்டும் தனியாக் கிடந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. அதே சோளம், அதே பானையில வெந்தது. ருசியில ஒரு குறையும் கிடையாது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். அது கனமா இருந்துச்சு, வெறப்பா இருந்துச்சு, நரம்பு கட்டிக் கிடந்துச்சு. மத்த சோளமெல்லாம் உறிஞ்சினா பறந்து வருது. என்னோடது இழுத்துக்கிட்டு வருது.

கரையில நின்ன ரெண்டு வருசமும் நான் "மீன் தொடவே இல்ல, மாவு சரியில்ல"ன்னு வீட்டுக்குப் போயிட்டு இருந்திருக்கேன். அது எத்தனை தடவை தொட்டு, துப்பிட்டுப் போயிருக்குமோ! மாவு பாவம், அது என்ன பண்ணும்.

அதுக்கப்புறம் கெண்டையோட வாயைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். ஒவ்வொண்ணும் ஆச்சரியம்ங்க. கெண்டைக்குத் தாடையில பல்லே கிடையாது. பல்லு தொண்டைக்குள்ள இருக்கு. அந்தப் பல்லால நத்தை ஓட்டைக்கூட நொறுக்கிடும். வயித்துல இரைப்பைன்னு ஒண்ணு தனியாக் கிடையாது, குடல்தான். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க மேஞ்சுக்கிட்டே இருக்கு. ருசி பார்க்கிற மொட்டுங்க உதட்டுல இருக்கு, மீசையில இருக்கு, உடம்புத் தோல்லயும் இருக்கு. வாய்க்குள்ள மேலண்ணத்துல மெத்துன்னு ஒரு சதைமேடு இருக்கு. மண்ணையும் தீனியையும் அதுதான் பிரிக்குது. நம்ம அம்மாக்கள் முறத்துல அரிசி புடைப்பாங்கல்ல, கல்லு ஒரு பக்கம் அரிசி ஒரு பக்கம்? அந்த வேலையைக் கெண்டை வாய்க்குள்ளயே பண்ணுது.

அப்படின்னா துப்புறது அதோட தந்திரமே இல்ல. சாப்பிடுற முறையே அதுதான். எதை வாயில எடுத்தாலும் புடைக்கும்.

இது புரிஞ்சதும் கேள்வியே மாறிப்போச்சு. எதைப் போட்டா மீன் எடுக்கும்ங்கிறது இல்ல. அது எடுக்கத்தான் செய்யுது. எடுத்துட்டுத் துப்பும்போது முள்ளு மட்டும் எப்படி உள்ள தங்கும்? அதான் கேள்வி.

இதுக்கு விடை கண்டுபிடிச்சவங்க இங்கிலாந்துக்காரங்க. அங்க கெண்டை பிடிக்கிறது ஒரு தனிப் பைத்தியம். 1952 செப்டம்பர்ல ரிச்சர்ட் வாக்கர்ங்கிறவர் ரெட்மயர்ங்கிற சின்னக் குளத்துல 44 பவுண்டு கெண்டை ஒண்ணு பிடிச்சாரு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 20 கிலோ. அதை லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு உயிரோட கொடுத்துட்டாரு, கிளாரிசான்னு பேரு வச்சாங்க, அது பல வருசம் அங்க வாழ்ந்துச்சு. அதே குளத்துல 1980ல கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டுக்கு மேல ஒண்ணு பிடிச்சாரு. இரை என்ன தெரியுமா? சோளம். வெறும் இனிப்புச் சோளம்! (மாவு கேட்ட 14 பேரும் இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.)

அதே சமயத்துலதான் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ்னு ரெண்டு பேர் தொட்டியில கெண்டையை விட்டு அது எப்படி இரையை வாங்குதுன்னு உக்காந்து பார்த்திருக்காங்க. நான் மதகு மேல பார்த்த அதே காட்சி. பார்த்துட்டு ஒரு வேலை செஞ்சாங்க. இரையை முள்ளுல குத்தவே இல்ல. முள்ளை வெறுமன விட்டுட்டு, அதுல ஒரு தலைமுடியைக் கட்டி, முடியோட நுனியில இரையைத் தொங்க விட்டாங்க. அதான் ஹேர் ரிக். இப்ப முடிக்குப் பதிலா நூலு. பேரு அப்படியே நின்னுபோச்சு.

அழகு என்னன்னா, இரை லேசாப் பறந்து வாய்க்குள்ள போவுது. முள்ளும் பின்னாடியே போவுது. மீன் புடைச்சுத் துப்பும்போது இரை முதல்ல வெளிய வருது, மொனை மூடாத முள்ளு கீழ் உதட்டுல கொக்கி மாதிரி விழுந்துருது. அது துப்புற வேகமே அதைப் பிடிச்சுக் கொடுக்குது.

நான் கட்டுறதைச் சொல்றேன். 6ஆம் நம்பர் முள்ளு, காது வச்சது. மெத்துன்னு வளையற பின்னல் நூலு ஒரு சாண். நூல் நுனியில குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கு. அந்தச் சுருக்குல ரெண்டு சோளத்தை ஏத்தணும். ஏத்துறதுக்கு நான் ஸ்வெட்டர் பின்னுற கொக்கி ஊசியை வச்சிருக்கேன். சோளம் கழண்டு வராம இருக்கச் சுருக்குக்குள்ள தென்னை ஈர்க்குல நெல்லு அளவுக்கு ஒரு துண்டை ஒடிச்சுச் சொருகிடுவேன். (இதுக்குன்னு பிளாஸ்டிக்ல விக்கிறான். விளக்கமாறு இருக்கிற வீட்டுல அது எதுக்கு?) அப்புறம் நூலை முள்ளுக் காதுல பின்பக்கமா நுழைச்சு, தண்டோட ஏழெட்டுச் சுத்து, திரும்பவும் காதுல பின்பக்கமாவே நுழைச்சு வெளிய எடுக்கணும். இந்தப் 'பின்பக்கமா' முக்கியம். முன்பக்கமா நுழைச்சா இழுக்கும்போது முள்ளு திரும்பாது. எனக்கு இது பிடிபட மூணு வாரம் ஆச்சு, அந்த மூணு வாரத்துல நாலு மீன் போச்சு.

முள்ளு வளைவுக்கும் சோளத்துக்கும் நடுவுல ஒரு சோளம் படுக்கிற அளவுக்கு இடைவெளி விடுங்க. ஒட்டிக் கட்டினா பழையபடி வெறப்பாயிடும். ரொம்ப நீளமா விட்டா சோளத்தை மட்டும் உறிஞ்சிட்டு முள்ளை வெளியவே விட்டுடும்.

இப்ப அந்த ரெண்டாவது சோளம்.

ஹேர் ரிக் கட்டியும் ஒரு மாசம் எனக்குத் திருப்தி இல்ல. மறுபடியும் மதகுல படுத்துப் பார்த்தேன். முன்னைக்குத் தேவலை, ஆனாலும் முள்ளோட எடை சோளத்தைத் தரையோட பிடிச்சு வச்சிருக்கு. மத்த சோளம் ஒரு மூச்சுக்குப் பறக்குது, இது ரெண்டு மூச்சு கேக்குது. சந்தேகப் பிராணிக்கு அந்த ஒரு மூச்சு போதும், விட்டுட்டுப் போயிடும்.

அப்ப முள்ளோட எடையை யாராவது தூக்கணும். மிதக்கிற பொருள் வேணும். நெட்டி வச்சுப் பார்த்தேன், தண்ணி குடிச்சு ஊறிடுச்சு. தெர்மாக்கோல் வச்சேன், சோளத்தோட அதுவும் சேர்ந்து மேல எம்பி வந்துருச்சு. சின்ன வயசுல நாங்க தக்கைக்கு என்ன போடுவோம்? பழைய ஹவாய் செருப்பு! வலைக்காரங்க இன்னைக்கும் அதை வெட்டித்தான் மிதப்புக் கட்டுறாங்க. மஞ்ச அட்டைச் செருப்பு ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. பிளேடால சோள அளவுக்குச் செதுக்கினேன். நிறம் கிட்டத்தட்ட சோளமேதான். நிஜச் சோளம் ஒண்ணு, செருப்புச் சோளம் ஒண்ணு.

வாளித் தண்ணியில விட்டுப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாச் சீவிச் சீவி, முள்ளு மட்டும் தரையில ஒக்காந்து சோளம் ரெண்டும் அதுக்கு மேல தவழுற மாதிரி கொண்டுவந்தேன். விரலால தண்ணியைத் தட்டினா ஆடணும். அதான் அளவு. பசங்க ரெண்டும் வாளியைச் சுத்தி உக்காந்துக்கிட்டு, "அப்பா, மீன் செருப்பைத் தின்னுமா?"ன்னு கேட்டுச்சுங்க. தின்னாதுடா, துப்பும். துப்பத்தான் வேணும்னேன்.

சோளம் பத்தி ஒரு வார்த்தை. காஞ்ச மக்காச்சோளம்னா ஒரு நாள் முழுக்க ஊறவச்சு, நகம் இறங்குற அளவுக்கு வேகவைங்க. கொண்டைக்கடலையும் அப்படித்தான். ஊறாததைத் தூவினா மீன் தின்ன பிறகு உள்ள போய் உப்பும். நாம பிடிக்காம விடப்போற மீனுங்களும் அதைத் தின்னும்ல? அதுங்களுக்குக் கெடுதல் பண்ணக் கூடாது.

சோளத்தையும் ஜிலேபி இழுத்துட்டுப் போற நாள் உண்டு. அப்ப எங்க வீட்டுல கொழுக்கட்டை! வெள்ளைக்காரன் அதை பாய்லின்னு சொல்றான். பிண்ணாக்கு மாவு, ரவை, பொட்டுக்கடலை மாவு கலந்து வச்சுக்கணும். நாலு முட்டையை உடைச்சு ஊத்தி, அது இழுக்கிற அளவுக்கு மாவைச் சேர்த்துப் பிசைஞ்சு, கோலிக்குண்டு அளவு உருட்டி, கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிசம் போட்டு எடுத்து, நிழல்ல ஒரு நாள் காய வச்சா கல்லு மாதிரி ஆயிடும். முட்டை வெந்து தோல் கட்டிடுறதால குஞ்சு மீன் கொத்திக் கரைக்க முடியாது. கெண்டைக்குத் தொண்டைப் பல்லு இருக்கு, அது பார்த்துக்கும். முதல் தடவை நான் உருட்டிக்கிட்டு இருந்தப்ப, "ஏங்க, பிள்ளையார் சதுர்த்திக்குக்கூட நீங்க அடுப்படிக்கு வந்தது இல்லையே"ன்னாங்க வீட்டுல. இப்ப சதுர்த்திக்கும் நான்தான் உருட்டுறேன்.

இதெல்லாம் சாதாக்கெண்டைக்கும் மிர்காலுக்கும். அதுங்க தரையில மேயுற ஆளுங்க. ரோகு நடுத்தண்ணி, ஆனா தரைக்கும் வரும், மக்காச்சோளத்துக்கு நல்லா வரும். கட்லா கதையே வேற. அதுக்கு வாய் மேல பார்த்துத் தொறந்திருக்கு. மேல் தண்ணியில மிதக்கிற நுண்ணுயிருங்களை வடிகட்டித் திங்கிற மீன். அதுக்கிட்டப் போய்த் தரையில சோளத்தைப் போட்டா எப்படி? அதுக்கு மட்டும் மாவு வேணும்னு ஒத்துக்கிறேன். தவிடும் பிண்ணாக்கும் உதிரியாப் பிசைஞ்சு, தண்ணிக்குள்ள மேகம் மாதிரி கரையணும், அந்த மேகத்துக்குள்ள சின்ன முள்ளு மிதக்கணும். அதுலயும் பாருங்க, வாசனை பெருசில்ல, கரையற விதம்தான் பெருசு.

அடுத்தது நரம்பு. கெண்டைக்குக் காது ரொம்பக் கூர்மை. அதோட காத்துப்பைக்கும் உள்காதுக்கும் நடுவுல வரிசையாக் குட்டி எலும்புங்க இருக்கு, தண்ணியில வர்ற அதிர்வை அதுங்க நேரா காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துரும். கரையில செருப்புக் காலோட திம்திம்னு நடந்தா அங்க தெரியும். இழுத்துக் கட்டின நரம்புல அதோட விலா உரசினாலும் தெரியும். தூண்டில் லேசாத் துடிச்சு நின்னுச்சுன்னா பல தடவை அது கடி இல்ல, உரசல். நான் இப்ப நரம்பைத் தளர்த்தி விட்டு, இரையில இருந்து ரெண்டு பாகம் தள்ளி ஒரு சின்ன ஈயத்தை நரம்புல ஓடவிட்டு, அதைத் தரையோட படுக்க வச்சிடுறேன். முள்ளுக்கு மேல 60 கிராம் குண்டு. முள்ளு குத்தினதும் மீன் திடுக்கிட்டு ஓடும், குண்டோட எடை முள்ளை அழுத்திப் பதிக்கும். குண்டை மட்டும் சன்னமான நூல்ல கட்டுங்க. நரம்பு அறுந்துபோனாக் குண்டு கழண்டு விழணும். மீன் அதை ஆயுசு முழுக்க இழுத்துக்கிட்டுத் திரியக் கூடாது.

இவ்வளவு ஜாக்கிரதை எதுக்குங்கிறீங்களா? நெதர்லாந்துல பியூகெமாங்கிற ஆராய்ச்சியாளர் குளத்துக் கெண்டைங்களைத் தூண்டில்ல பிடிச்சு விட்டு, திரும்பப் பிடிச்சுப் பார்த்து 1970ல எழுதியிருக்காரு. ஒரே ஒரு தடவை முள்ளு பட்ட கெண்டை அப்புறம் நீண்ட நாளைக்குச் சுலபத்துல சிக்கல. ஒரு தடவை! எங்க கண்மாயில வாராவாரம் இருவது தூண்டில் விழுது. அங்க அஞ்சு கிலோ வளர்ந்த கெண்டை எத்தனை பேரோட மாவைப் பார்த்திருக்கும்?

இதையெல்லாம் படிச்சுட்டு நான் போய் நின்னது காவலுக்கு இருக்கிற தாத்தாக்கிட்ட. வயசு எழுவதுக்கு மேல. அவரு ஒரே வார்த்தையில முடிச்சாரு.

"தம்பி, விருந்தாளி வீட்டுக்கு வந்த அன்னிக்கே கடன் கேட்டா எப்படி? நாலு நாள் சோறு போடு. அப்புறம் கேளு."

அஞ்சு நாள். தெனமும் விடியக்காலை, ஒரே இடம், மதகுக்குத் தெக்க தாமரைக்கொடி ஓரம். ரெண்டு கைப்பிடி சோளம். தூண்டில் கிடையாது. வேலைக்குப் போற வழியில தூவிட்டுப் போயிடுவேன். மூணாம் நாள் அந்த இடத்துல குமிழி பொங்குச்சு, சோறு கொதிக்கிற மாதிரி. அது கெண்டை மண்ணைக் கிளறுற அடையாளம்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 12ஆம் நூற்றாண்டுல கல்யாணிச் சாளுக்கிய ராஜா சோமேஸ்வரன் 'மானசோல்லாசம்'னு சமஸ்கிருதத்துல ஒரு பெரிய நூல் பண்ணியிருக்காரு. அதுல தூண்டில் போடுறதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. எந்த மீனுக்கு என்ன தீனின்னெல்லாம் சொல்லியிருக்கு. ஒரு ராஜா உக்காந்து மீனுக்குத் தீனி யோசிச்சிருக்காருன்னு நினைக்கும்போது எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

தாத்தா இன்னொண்ணும் சொல்லுவாரு. பிடிச்ச மீனை அந்த இடத்துலயே அறுத்துக் கழுவாதே, மத்தது ஓடிப்போயிடும்னு. நான் முதல்ல சாங்கியம்னு நினைச்சேன். ஆனா தேனீ நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்சு 1973ல நோபல் வாங்குன கார்ல் ஃபான் ஃப்ரிஷ், 1938லயே இதை எழுதியிருக்காரு. கெண்டைக் குடும்பத்துச் சின்ன மீன் ஒண்ணோட தோல் கிழிஞ்சா அதுல இருந்து ஒரு பொருள் தண்ணியில கலக்குது, கூட்டம் பயந்து கலைஞ்சிருதுன்னு. தாத்தாக்கிட்டச் சொன்னேன். "அவரும் கண்மாய்க்காரரா?"ன்னு கேட்டாரு.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை போய்ப் போடல. வேணும்னேதான். பாசியும் கொடியும் மண்டுன தண்ணியில ராத்திரி முழுக்க செடிங்களும் ஆக்சிஜனை எடுத்துக்கும், விடியும்போதுதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் குறைச்சல். புழுக்கமான நாள்ல அந்த நேரத்துக்குக் கெண்டைங்க மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசின்னு நினைச்சு முன்னெல்லாம் அங்கயே தூண்டிலை வீசுவேன். அது பசி இல்ல, மூச்சுத் திணறல். இப்ப வெயில் ஏறி எட்டரை ஆகட்டும்னு காத்திருப்பேன்.

எட்டே முக்காலுக்குப் போட்டேன். சுத்திலும் ஒரே ஒரு கைப்பிடி சோளம். கையைக் கண்மாய் மண்ணால தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் தொட்டேன். கழியில சலங்கை மணியைக் கட்டிட்டுத் தள்ளிப்போய் வேப்ப மரத்தடியில உக்காந்தேன்.

குமிழி வந்துச்சு. நின்னுச்சு. திரும்ப வந்துச்சு.

ஒம்பதரை இருக்கும். மணி தனியா ஒரு தடவை 'கிளிங்'னுச்சு. உரசல்னு விட்டேன். அடுத்த நிமிசம் மணி எகிறிக் கீழ விழுந்துச்சு, கழி கவட்டையில இருந்து சரிஞ்சு தண்ணிப் பக்கம் போவுது! பாய்ஞ்சு பிடிச்சேன். 0.35 மில்லிமீட்டர் நரம்பு, தாமரைக்கொடி ரெண்டு எட்டுல. இழுக்கவும் முடியல விடவும் முடியல. இருவது நிமிசம். தாத்தா பின்னாடியே நின்னுக்கிட்டு, "வுடு... வுடு... இப்பப் பிடி... வுடு"ன்னுக்கிட்டே இருந்தாரு. அவரு வலையை விட்டுத் தூக்கின பிறகுதான் எனக்குக் கால் நடுங்கினது தெரிஞ்சுச்சு.

முள்ளு எங்க இருந்துச்சு தெரியுமா? கீழ் உதடு, நட்ட நடுவுல. செருப்புச் சோளம் வாய்க்கு வெளிய தொங்கிக்கிட்டு இருந்துச்சு. துப்பியிருக்கு. துப்பின இடத்துல முள்ளு நின்னுருச்சு.

எடை போட்டுக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாதாக்கெண்டையில சதைக்குள்ள கவட்டை முள்ளு நிறைய, பிள்ளைங்களுக்குப் பார்த்துத்தான் கொடுக்கணும். புளியைக் கொஞ்சம் தூக்கலாக் கரைச்சு, மாங்காய் போட்டு வச்ச குழம்பு. மறுநாள் காலையில இட்லிக்கு இன்னும் நல்லா இருந்துச்சு.

குழம்புல ஒரு தூக்கு தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டேன். நேத்து சாயங்காலம் தூக்கைத் திருப்பிக் கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தாரு. திண்ணையில உக்காந்து, அந்த முள்ளுக் கட்டைக் காட்டச் சொன்னாரு. மூணு தடவை கட்டிக் காட்டினேன். நாலாவது தடவை அவரே கட்டிட்டாரு, கண்ணாடி இல்லாம. சுத்தை எண்ணிக்கூடப் பார்க்கல, விரலுக்கே கணக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

போகும்போதுதான் கவனிச்சேன். அவரு வலது கால் செருப்புல, குதிகால் ஓரமா, அழகாச் சதுரம் சதுரமா மூணு துண்டு வெட்டி எடுத்திருந்துச்சு.

"நீலம்தான் இருந்துச்சு தம்பி. பரவால்லையா?"

பரணுல இருந்து என் மஞ்ச செருப்போட இன்னொரு காலை எடுத்துக் கொடுத்தேன்.